மாலை வகுப்புக்கு அரசுப் பணம் கேட்பது எப்படி? இராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர் என்று எந்தக் கடற்கரை ஊரிலும் மாலை வகுப்பு நடத்த யாராவது ஒருவர் முன்வந்துவிடுவார். பெரும்பாலும் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்ணாக இருக்கும். ஒரு திண்ணையில் பத்துப் பிள்ளைகளோடு ஆரம்பிப்பார். ஆறு மாதம் நன்றாக ஓடும். அப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆகும், இல்லை வெளியூரில் வேலை கிடைக்கும். சுண்டலுக்குக் காசு கொடுத்துவந்த புண்ணியவானுக்குத் தொழில் படுத்துவிடும். வகுப்பும் நின்றுபோகும். நன்கொடையை நம்பி நடக்கும் வகுப்புகளின் ஆயுள் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆண்டுதோறும் தவறாமல் வருகிற பணம் வேண்டுமென்றால் அரசிடம்தான் போக வேண்டும். எம்.எல்.ஏ. அலுவலக வாசலை இதுவரை மிதிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர், ஊர்க் கமிட்டிக்காரர், ஜமாத்திலோ தேவாலயப் பங்கிலோ பொறுப்பில் இருப்பவர், தன்னார்வலர் என்று யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

எந்தப் பணத்தை யாரிடம் கேட்பது

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். “மாலை வகுப்புக்கு உதவி செய்யுங்கள்” என்று பொத்தாம்பொதுவாக மனு கொடுத்தால், மனுவை வாங்குபவர் தன்னிடம் சுலபமாக இருப்பதைத் தூக்கிக் கொடுப்பார். சுலபமாக இருப்பது பெரும்பாலும் கட்டடம்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. எம்.பி.க்கு 5 கோடி. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் நம் மாவட்டத்தின் 4 சட்டமன்றத் தொகுதிகளோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் சேர்ந்திருக்கின்றன. அந்த 5 கோடி மூன்று மாவட்டங்களுக்கும் பிரியும். அதைவிட முக்கியமானது, இரண்டு நிதியுமே நிலையான சொத்து உருவாக்கத்தான். கட்டடம், சுற்றுச்சுவர், தெருவிளக்கு போன்றவற்றைக் கேட்கலாம். மாதாமாதம் கொடுக்கும் மதிப்பூதியத்துக்கும் சுண்டலுக்கும் அதில் இடமில்லை.

“நமக்கு நாமே” திட்டத்திலும் இதே கதைதான். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். ஊரில் வசதியானவர்களோ வெளிநாட்டில் இருப்பவர்களோ கைகொடுத்தால் நல்ல வழி. ஆனாலும் இது வேலை முடிந்ததும் முடிந்துபோகும் பணம்.

மாலை வகுப்புக்குத் தேவையான பணத்தில் பெரும்பகுதி தொடர்செலவு. அது மாநில பட்ஜெட்டில் ஒரு திட்டத்தின் பெயரில் வர வேண்டும். இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் அரசே கொடுத்தது. ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை. மாலை வகுப்புக்கு அரசு பணம் கொடுக்கலாம் என்பதை அரசாங்கமே அப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம் கேட்பது அதன் நீட்சியைத்தான்.

ஆகவே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். இடம், விளக்கு, கழிப்பறை போன்றவை தொகுதி நிதியிலிருந்தோ ஊராட்சியிலிருந்தோ. ஆள், சிற்றுண்டி, நோட்டுப் புத்தகம் போன்றவை பட்ஜெட்டிலிருந்து. இரண்டையும் ஒரே மனுவில் கலக்க வேண்டாம். கலந்தால் முதலாவது கிடைக்கும், இரண்டாவது காணாமல் போகும்.

புதுக் கட்டடம் கேட்பதற்கு முன்

நம் கரையோரத்தில் கட்டடம் கேட்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அலை ஏறும் எல்லைக்கோட்டை ஒட்டிய நிலம், கரையோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிக்குள் வரும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலும் பல ஊர்களில் குழப்பம். எம்.எல்.ஏ. சம்மதித்து, எஸ்டிமேட்டும் போட்ட பிறகு கோப்பு இதில் மாட்டினால் வருடக்கணக்கில் கிடக்கும். முதலில் வி.ஏ.ஓ.விடம் போய் நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்லது, இருக்கிற கட்டடத்தைத் தேடுவது. பள்ளிக்கூடமே மாலையில் காலியாகத்தான் இருக்கிறது. கரையோரத்தில் கட்டியிருக்கும் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கின்றன. கிராமச் சேவை மையம், ஊர்ப்புற நூலகம் என்று இன்னும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் உடனே காலி செய்துகொடுப்போம் என்று எழுதிக் கொடுத்து, மாலை 5 முதல் 7.30 வரை சாவி கேட்கலாம். சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஊருக்குள் பாதிச் சண்டை சாவியால்தான் வருகிறது.

கணக்கு எடுங்கள்

“பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்” என்று சொல்லி நிதி வாங்க முடியாது. கையில் எண்ணிக்கை வேண்டும்.

ஒரு 80 பக்க நோட்டு போதும். வீடு வீடாகப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு? பள்ளி விட்டதிலிருந்து இரவு 8 மணி வரை வீட்டில் பெரியவர் யார் இருப்பார்? வீட்டுப்பாடத்துக்கு யார் உதவுகிறார்? டியூஷனுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பல அம்மாக்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். விடுங்கள், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அதுவே பதில்.

கணக்கெடுப்பை மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளியும் பாதி நாள் லீவு. அந்த நேரத்தில் எடுத்த கணக்கு உங்கள் கோரிக்கைக்கே எதிராகப் பேசும். ஆகஸ்ட், செப்டம்பர் சரியான மாதங்கள். படகு ஏறிய ஆள் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார். அம்மா நண்டுக் கம்பெனியிலோ கருவாட்டுக் களத்திலோ இருப்பார். உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும்.

பள்ளியில் எத்தனை பேர் 8-ஆம் வகுப்புக்குப் பிறகு வரவில்லை, வட்டாரத்தில் எத்தனை இல்லம் தேடிக் கல்வி மையங்கள் இன்னும் நடக்கின்றன என்பதையெல்லாம் தலைமையாசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலரோ வாயால் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுத்தில் வந்த பதில் உங்கள் நோட்டை விடக் கனமானது.

பிள்ளைகளின் பெயர், படம், “இவன் அப்பா குடிகாரர்” போன்ற வீட்டு விவகாரம் எதுவும் மனுவில் வரக்கூடாது. எண்ணிக்கை மட்டும் போதும்.

பிறகு செலவுக் கணக்கு. ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். 40 பிள்ளைகள், 2 தன்னார்வலர்கள், வருடத்தில் 200 நாள் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மதிப்பூதியம் ஒருவருக்கு மாதம் 3,000 வீதம் 10 மாதத்துக்கு 60,000. சிற்றுண்டி பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் வீதம் 64,000. மின்கட்டணம், நோட்டு, சாக்பீஸ், சில்லறைச் செலவு 16,000. மொத்தம் 1,40,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,500, நாளைக்கு 17 ரூபாய் 50 காசு. இந்தக் கடைசி எண்தான் எம்.எல்.ஏ. மனதில் நிற்கும். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய் என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால் யாரும் “காசு இல்லை” என்று எளிதில் சொல்ல முடியாது. உங்கள் ஊர் விலைவாசிக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பூதியத்தை மட்டும் குறைக்காதீர்கள். 1,000 ரூபாய்க்கு நல்ல ஆள் நிலைக்க மாட்டார் என்பது பார்த்துப் பார்த்துத் தெரிந்த விஷயம்.

தீர்மானம்

தனி ஆளின் மனு தனி ஆளின் மனுதான். அதை ஊரின் கோரிக்கையாக்க இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு இது. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது இவர்கள் வேலை. அதில் மாலை வகுப்பை எழுத வையுங்கள்.

இன்னொன்று கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். கூட்டத்தன்று எழுந்து பேசினால் கைதட்டு கிடைக்கும், தீர்மானம் கிடைக்காது. ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நகல் வாங்குங்கள். தலைவர் பதவியில் ஆள் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கிற காலத்திலும் கிராம சபை நடக்கும். இராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் வார்டு கவுன்சிலர் வழியாகப் போக வேண்டும்.

மீனவர் சங்கம், ஜமாத், பங்குப் பேரவை, ஊர்க் கமிட்டி எல்லாரிடமும் ஆதரவுக் கடிதம் வாங்குவது நல்லது. சங்கங்களின் குரலுக்கு இந்தக் கரையில் எடை உண்டு. தடைக்கால நிவாரணத்தை 5,000-இலிருந்து 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: வகுப்பு நடக்கும் இடம் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் நுழைகிற இடமாக இருக்க வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிக்கவில்லை என்றால், பணம் வந்த பிறகு பேசவே முடியாது.

ஒரு பக்க மனு

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. நடை இப்படி இருக்கலாம்:

“பெறுநர்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், … தொகுதி.

பொருள்: … ஊரில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த ஆண்டுத் தொடர்செலவு நிதி கோருதல்.

ஐயா, எங்கள் ஊரில் … குடும்பங்களில் எடுத்த கணக்கில், … பிள்ளைகளுக்கு மாலை 4.30 முதல் 8 மணி வரை வீட்டில் பெரியவர் துணை இல்லை. … நாள் கிராம சபைத் தீர்மானம் எண் … இணைக்கப்பட்டுள்ளது. இடம் தயாராக உள்ளது. ஆண்டுச் செலவு ரூ. … மட்டும். இதைப் பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் தாங்கள் எழுப்பவும், முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பரிந்துரைக் கடிதம் வழங்கவும் வேண்டுகிறோம்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். “ஆவன செய்ய வேண்டும்” என்று முடிக்கவில்லை. அவர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். (மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பது.) கையெழுத்துகள், தீர்மான நகல், செலவுக் கணக்கு மூன்றையும் பின்னால் இணைத்து, நான்கு செட் எடுங்கள். ஒரு செட்டில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கும் நாள்

முதலில் உங்கள் தொகுதி எது என்று சரிபார்க்கவும். இராமேஸ்வரம் தீவும் மண்டபமும் இராமநாதபுரம் தொகுதி. தொண்டிப் பக்கம் திருவாடானை. சாயல்குடி, மூக்கையூர் பக்கம் முதுகுளத்தூர். சின்ன விஷயம்தான், ஆனால் தப்பான வாசலில் அரை நாள் நிற்பவர்கள் உண்டு.

உதவியாளருக்குப் போன் செய்து நேரம் கேளுங்கள். அவரிடம் மரியாதையாகவும் விவரமாகவும் பேசுங்கள். உங்கள் காகிதம் எந்த அடுக்கில் போகும் என்பதை முடிவு செய்வது பல சமயம் அவர்தான். சட்டமன்றம் நடக்கும் வாரங்களில் எம்.எல்.ஏ. சென்னையில் இருப்பார். வெள்ளி, சனியில் ஊருக்கு வந்தால் கல்யாண வீடு, காதுகுத்து என்று அலைவார். பந்தலில் வைத்து மனுவைத் திணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காகிதம் சட்டைப் பையோடு சலவைக்குப் போகும்.

ஐந்து பேர் போதும். அதில் இரண்டு அம்மாக்கள் கட்டாயம். கட்சிக் கரைவேட்டி கட்டியவர் வேண்டாம், எந்தக் கட்சியானாலும். ஒருவர் கோரிக்கையைச் சொல்ல வேண்டும், ஒரு அம்மா தன் நிலையைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். அம்மாவுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். “சார், நான் நண்டுக் கம்பெனியில இருந்து வர ஏழு மணி ஆயிரும். அவரு போட்டுல. பிள்ளைய நாலரையில இருந்து யாரு பாக்குறது?” என்று அவர் போக்கில் கேட்டாலே போதும்.

வழக்கமாக வரும் பதில்களுக்குத் தயாராகப் போங்கள்.

“இல்லம் தேடிக் கல்விதான் இருக்கே” என்பார். நம் ஊரில் இப்போது எத்தனை மையம் நடக்கிறது என்ற தகவல் உரிமைப் பதிலை எடுத்து வையுங்கள். அந்தத் திட்டம் 8-ஆம் வகுப்புக்கு மேல் போகவில்லை, பிள்ளைகள் படகில் கைத்துணைக்குப் போக ஆரம்பிப்பதோ அதற்குப் பிறகு என்று சொல்லுங்கள்.

“ஒரு ஹால் கட்டித் தர்றேன்” என்பார். இதுதான் ஆபத்தான பதில், ஏனென்றால் கேட்க இனிப்பாக இருக்கும். கல்வெட்டு வைத்த ஹால் எழும்பும், திறந்து பாடம் நடத்த ஆள் இருக்காது. “இடம் இருக்குங்க சார், ஆளுக்குத்தான் வழி செய்யணும்” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

“மத்திய அரசு பணம் தரலை” என்பார். 2024-25-இல் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது பெரிய தகராறாகவே ஆனது, ஆகவே அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்து கேட்கிறோம் என்று சொல்லுங்கள். மத்தியப் பங்கைப் பற்றித் தனியாக எம்.பி.யிடம் மனு கொடுங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப அவரால் முடியும்.

“பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னால், பரிந்துரைக் கடிதத்துக்கு எப்போது வரலாம் என்று உதவியாளரிடம் தேதி வாங்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

சட்டமன்ற நாட்காட்டி

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி அல்லது மார்ச்சில். துறைகள் தங்கள் மதிப்பீடுகளை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே போட ஆரம்பித்துவிடும். அதனால் செப்டம்பரில் கணக்கு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம், அதே மாதம் மனு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மார்ச்சில் மனு கொடுப்பது படகு போன பிறகு ஐஸ் ஏற்றுவது மாதிரி.

பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம். பள்ளிக் கல்விக்கு எண் 43. இதில் பேசும் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக் கோரிக்கைகளை மளமளவென்று அடுக்குவார்கள். அந்த அடுக்கில் உங்கள் வரி இருக்க வேண்டும். விவாதத்துக்கு இரண்டு வாரம் முன்பு, இரண்டே வரியில் தட்டச்சு செய்து உதவியாளரிடம் மறுபடியும் கொடுங்கள். பழைய மனுவைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் இருக்காது. அமைச்சர் பதிலில் “பரிசீலிக்கப்படும்” என்று உறுதி கொடுத்தால், அதை விடாமல் கேட்கச் சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்றிருக்கிறது. மனுக்கள் குழு என்று இன்னொன்றும் உண்டு. அது மாவட்டங்களுக்கு வரும், வருவதற்கு முன் பொதுமக்களிடம் மனு கேட்டுச் செய்தி வெளியிடுவார்கள். அதையும் விட வேண்டாம்.

எதிர்க்கட்சி உறுப்பினர்களிடமும் நகல் கொடுக்கலாம். கொடுத்ததை உங்கள் எம்.எல்.ஏ.விடம் மறைக்காதீர்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி அமலுக்கு வந்துவிடும், புது அறிவிப்பு எதுவும் வராது. அந்த வாரங்களில் எல்லா வேட்பாளரிடமும் அதே ஒரு பக்கத்தைக் கொடுத்துவைத்தால், யார் ஜெயித்தாலும் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும்.

ஆட்சியர் அலுவலகம்

இணையாக இங்கேயும் போக வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இராமநாதபுரம், மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக், வளர்ச்சியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அந்தத் தரவரிசையில் கல்விக்கு மட்டும் 30 சதவீத எடை. ஆட்சியர் எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவார் என்று இதிலிருந்து தெரியும், உங்கள் பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மீனவர் குறைதீர் கூட்டத்திலும் எழுப்புங்கள். மீன்வளத் துறை “இது எங்கள் துறை இல்லை” என்று சொல்லும், சொல்லட்டும், கூட்டக் குறிப்பில் ஏறினால் சரி.

அனுமதி வந்துவிட்டால்

ஆணையின் நகலை வாங்கி நான்கு விஷயம் பாருங்கள். பணம் யார் கணக்குக்கு வருகிறது: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கா, ஊராட்சிக்கா? எத்தனை மாதத்துக்கு? மதிப்பூதியம் தன்னார்வலரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறதா? அடுத்த ஆண்டு தொடர என்ன அறிக்கை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும்? நான்காவதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, வருகைப் பதிவேட்டை அன்றே ஆரம்பித்துவிடுங்கள். முதல் மாத மதிப்பூதியம் தாமதமாகத்தான் வரும், அதைத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஊர்க் கமிட்டியில் கைமாற்று ஏற்பாடு செய்துவையுங்கள்.